ஐ-ஸ்கொயர் 98 சதவீதம் வந்துவிட்டது, அப்புறம்?

பிசிஜி ஊசி காசநோயைத் தடுக்குமா? பிரிட்டனில் 1950-இல் தொடங்கிய சோதனை நன்றாகவே தடுக்கும் என்கிறது. செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கிய மாபெரும் சோதனையோ கையை விரிக்கிறது. 1994-இல் வெளியான மெட்டா அனாலிசிஸ் இப்படிப்பட்ட 13 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. முடிவுகள் இவ்வளவு விலகி நின்றால் அந்த விலகலை எப்படி அளப்பது? பலரும் எடுப்பது ஐ-ஸ்கொயர் என்ற சதவீதத்தை. மூன்று சோதனைகளை மட்டும் எடுத்துக் கையாலேயே போட்டுப் பார்ப்போம்.

படி 1: ஒவ்வொன்றையும் ஒரே எண்ணாக்குங்கள்

செங்கல்பட்டில் ஊசி போட்ட 88,391 பேரில் 505 பேருக்கு நோய் வந்தது. போடாத 88,391 பேரில் 499 பேருக்கு. போட்டவர்களின் நோய் விகிதத்தைப் போடாதவர்களின் விகிதத்தால் வகுத்தால் கிடைப்பது ரிஸ்க் ரேஷியோ: இங்கே 1.01, அதாவது பலன் இல்லை; 1-க்குக் கீழே போனால் பலன் உண்டு. பிரிட்டனில் 13,598 பேரில் 62, எதிர்ப்பக்கம் 12,867 பேரில் 248, ரேஷியோ 0.24. ஆந்திராவின் மதனப்பள்ளியில் 5,069-க்கு 33, 5,808-க்கு 47, ரேஷியோ 0.80.

இவற்றின் இயற்கை லாக் மதிப்புகள் முறையே 0.01, -1.44, -0.22. கால்குலேட்டரில் எல்என் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும், லாக் பொத்தானை அல்ல. இந்த ஒரு பொத்தானால் ஒரு மாலைப்பொழுதையே தொலைத்தவன் நான்.

படி 2: எடை போடுங்கள்

ஒரு முடிவு தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்பதைச் சொல்வது வேரியன்ஸ். நோய் அரிதாக வரும்போது அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: இரு பக்க நோயாளிகளின் எண்ணிக்கையையும் தலைகீழாக்கிக் கூட்டினால் போதும். செங்கல்பட்டுக்கு 1/505 + 1/499, அதாவது 0.004. பிரிட்டனுக்கு 0.02, மதனப்பள்ளிக்கு 0.05. வேரியன்ஸைத் தலைகீழாக்கினால் எடை கிடைக்கும்: 250, 50, 20. எடை போட்ட சராசரி -0.23.

படி 3: க்யூ

ஒவ்வொரு சோதனையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அதை வர்க்கமாக்கி எடையால் பெருக்குங்கள். பிரிட்டன் 73, செங்கல்பட்டு 14.5, மதனப்பள்ளி ஏறக்குறைய பூஜ்யம். மொத்தம் 87.5, இதுதான் க்யூ. வெறும் தற்செயல் என்றால் சோதனைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, 2 அளவில்தான் வந்திருக்க வேண்டும்.

படி 4: ஐ-ஸ்கொயர்

87.5-இல் 2-ஐக் கழித்து 87.5-ஆல் வகுத்தால் 98 சதவீதம். ஆரம்பத்தில் நானும் இதோடு நிறுத்திவிட்டு, "வேறுபாடு மிக அதிகம்" என்று எழுதிவிடுவேன். அது தப்பு.

ஏன் என்று ஒரு சின்ன விளையாட்டில் பார்க்கலாம். மூன்று சோதனைகளையும் இருபதில் ஒரு பங்காகச் சுருக்குங்கள், ரேஷியோக்களைத் தொடாதீர்கள். எடை எல்லாமே இருபதில் ஒரு பங்காகும், க்யூ 4.4-க்கு இறங்கும், ஐ-ஸ்கொயர் 54 சதவீதமாகிவிடும். 0.24-க்கும் 1.01-க்கும் இடையே உள்ள தூரம் மட்டும் துளியும் மாறவில்லை! ஆக, ஐ-ஸ்கொயர் வேறுபாட்டின் அளவைச் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரியும் சிதறலில் எத்தனை பங்கு தற்செயல் அல்ல என்பதைத்தான் சொல்கிறது. சோதனை பெரிதானால் அதுவும் ஏறும்.

படி 5: டௌ-ஸ்கொயரும் கணிப்பு இடைவெளியும்

உண்மையான விலகலை அளப்பது டௌ-ஸ்கொயர். இதைக் கையால் போட வேண்டாம்; ஆர் மென்பொருளின் மெட்டாஃபார் தொகுப்பை ஏற்றினால் இந்த 13 சோதனைகளின் தரவு தயாராகவே கிடைக்கிறது. ஊருக்கு ஊர் உண்மைப் பலனே மாறலாம் என்று கொள்ளும் ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாதிரியில் ஓட்டினால் சராசரி ரேஷியோ 0.49, நம்பிக்கை இடைவெளி 0.34 முதல் 0.70 வரை. ஐ-ஸ்கொயர் 92 சதவீதம், டௌ-ஸ்கொயர் 0.313.

நான் முதலில் தேடுவது கணிப்பு இடைவெளியைத்தான். அது 0.15 முதல் 1.55 வரை நீள்கிறது. நம்பிக்கை இடைவெளி சராசரியைப் பற்றிப் பேசுகிறது. இதுவோ அடுத்து புதிதாக ஓர் ஊரில் சோதனை நடத்தினால் என்ன வரலாம் என்பதைப் பற்றி. சராசரியில் ஊசி நோயைப் பாதியாகக் குறைக்கிறது, சரி. ஆனால் அடுத்த ஊரில் பலனே இல்லாமலும் போகலாம்.

படி 6: காரணம் தேடுங்கள்

இங்கே சந்தேகம் அட்சரேகை மேல். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் அதிகம். அவை ஊசியின் பலனை மறைத்துவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். சோதனைகளின் ஒரு தன்மையை வைத்து அவற்றின் முடிவைக் கணிப்பது மெட்டா ரிக்ரஷன். அட்சரேகையை அதில் சேர்த்தால் டௌ-ஸ்கொயர் 0.313-இலிருந்து 0.076-ஆகச் சரிகிறது. வேறுபாட்டில் முக்கால் பங்கு இதிலேயே போய்விடுகிறது. 13 சோதனைகள்தான், அட்சரேகையோடு கூடவே மாறும் சங்கதிகளும் ஏராளம். எனவே இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இருந்தாலும் ஒரு தடவை பொருத்திப் பாருங்கள். 52 டிகிரிக்கு இந்த ரிக்ரஷன் சொல்வது 0.28, பிரிட்டனில் கிடைத்தது 0.24. 13 டிகிரிக்குச் சொல்வது 0.88. மதனப்பள்ளியும் செங்கல்பட்டும் இரண்டுமே 13 டிகிரியில்தான் இருக்கின்றன: 0.80, 1.01.