டி சோதனையை ஜியோஜீப்ராவில் போட்டுப் பார்ப்போம் (எனக்கு 4.28 வந்த கதையோடு)

சில எண்களின் சராசரி பூஜ்ஜியத்திலிருந்து விலகி நிற்பது தற்செயலாக இருக்குமா என்று பார்ப்பதுதான் இங்கே டி சோதனை. உண்மையில் வித்தியாசமே இல்லை என்றால், இவ்வளவோ இதைவிடப் பெரிதோ ஆன விலகல் தற்செயலாக வரும் வாய்ப்பே பி மதிப்பு. அது எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்க ஆர், பைத்தான் போன்ற நிரல்மொழிகள் எதுவும் வேண்டாம். ஜியோஜீப்ரா கிளாசிக் என்ற கணித மென்பொருள் போதும். இலவசம், பிரவுசரிலேயே ஓடும். ஆயிரம் வரி டேட்டா வந்தால் ஆர் பக்கம் போய்க்கொள்ளலாம். இன்று நம் கையில் இருப்பது பத்தே எண்கள்:

1.2, 2.4, 1.3, 1.3, 0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4

கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908-இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொடுத்தவை இவை. பத்து நோயாளிகள், இரண்டு தூக்க மருந்துகள். முதல் மருந்தைவிட இரண்டாவதில் ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார் என்ற வித்தியாசம்தான் ஒவ்வொரு எண்ணும்.

முதலில் சராசரியும் திட்டவிலக்கமும்

லிப்ரேஆபீஸ் கால்க் விரிதாளில் எண்களை ஒரே நெடுவரிசையில் அடித்து, சராசரியையும், எண்கள் அதைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்டவிலக்கத்தையும் கணக்கிடுங்கள். சராசரி 1.58. திட்டவிலக்கம் 1.23 வர வேண்டும்.

எனக்கு 1.17 வந்தது. அதை வைத்துச் சோதனை போட்டால் டி மதிப்பு (எண்களின் சிதறலோடு ஒப்பிட்டால் சராசரி பூஜ்ஜியத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது) 4.28. எங்கே பார்த்தாலும் விடை 4.06 என்றே இருக்கிறது. எண்களை மூன்று முறை சரிபார்த்தேன், ஜியோஜீப்ராவைத் திட்டினேன். தப்பு கால்க்கில் நான் தேர்ந்தெடுத்த ஃபங்ஷனில் இருந்தது. திட்டவிலக்கத்துக்கு அங்கே இரண்டு வகை ஃபங்ஷன்கள் உண்டு. பெயரின் கடைசியில் 'பி' உள்ளது விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகையை 10-ஆல் வகுக்கும், முழுத்தொகைக்கானது (அதாவது எல்லோரையுமே அளந்துவிட்டால்). எல்லோரிலும் சிலரை மட்டும் எடுத்த கூறுக்கு (சாம்பிள்) 9-ஆல் வகுக்க வேண்டும், அதற்கு 'பி' இல்லாத ஃபங்ஷன். நம் பத்து பேரும் ஒரு கூறுதான்.

இதில் ஒரு வேடிக்கை: கோசெட்டே 1908-இல் 10-ஆல்தான் வகுத்தார். ஆனால் அதற்கேற்ற அட்டவணையைச் சொந்தமாகப் போட்டுக்கொண்டார். நமக்கு அந்தச் சலுகை இல்லை.

அடுத்து சோதனை

ஜியோஜீப்ரா மெனுவில் 'ப்ராபபிலிட்டி' தோற்றத்துக்கு மாறி, 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' தாவலில் ஒரு சராசரிக்கான டி சோதனையைத் தேர்ந்தெடுங்கள். இன்மைக் கருதுகோளில் (மருந்துகளுக்குள் வித்தியாசம் இல்லை என்ற அனுமானம்) 0, மாற்றுக் கருதுகோளுக்கு (வித்தியாசம் உண்டு என்பது) சமமில்லைக் குறி. கீழே சராசரி 1.58, திட்டவிலக்கம் 1.23, கூறின் அளவு 10. டி 4.06, பி 0.0028 என்று வரும்.

இப்போது வளைவு

'டிஸ்ட்ரிப்யூஷன்' தாவலுக்கு வந்து 'ஸ்டூடன்ட்' பரவலை எடுங்கள். டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (இங்கே எண்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 9, பத்து இல்லை. வலது வால் (வளைவின் வலது ஓரப் பகுதி) பொத்தானை அழுத்தி 4.06 கொடுத்தால் 0.0014 காட்டும். மேலே கிடைத்ததில் பாதிதானே என்று பதற வேண்டாம். சமமில்லை என்று கேட்டதால் இடது வாலும் கணக்கில் சேரும், இரட்டித்தால் 0.0028.

அப்படியே கொஞ்சம் விளையாடிப் பாருங்கள். 4.06-ஐ 2 ஆக்கி, டிகிரியை 2 ஆகக் குறைத்தால் வலது வாலில் 0.0918. டிகிரி 100 என்றால் 0.0241. மணி வடிவ இயல்நிலைப் பரவலுக்கு (நார்மல்) மாறினால் 0.0228. கூறு சிறிதானால் வால் தடிக்கிறது. கோசெட் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான். எந்த அட்டவணையைப் பார்த்தும் எனக்கு இது உறைத்ததில்லை.

பின்சேர்க்கை: "எனக்கு பி மதிப்பு 0.08 வருகிறதே" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டு மருந்துகளின் எண்களையும் (மருந்தில்லாதபோதைவிட எத்தனை மணி நேரம் கூடுதல் தூக்கம் என்பவை) தனித்தனிக் குழுக்களாக, சராசரி 0.75, 2.33 என்று கொடுத்து, இரு சராசரிகளின் வித்தியாசத்துக்கான சோதனையைப் போட்டிருக்கிறார். மென்பொருள் சரியாகத்தான் சொல்கிறது, கேள்விதான் வேறு. இரண்டு மருந்தையும் சாப்பிட்டவர்கள் அதே பத்து பேர். தூக்க மருந்து ஒருவருக்கு நன்றாக வேலை செய்யும், இன்னொருவர் அதைச் சாப்பிட்டும் புரண்டுகொண்டே கிடப்பார். தனிக் குழுக்கள் என்றால் அந்த வேறுபாடும் உள்ளே வந்து சத்தம் போடும். ஒவ்வொருவருக்கும் வித்தியாசம் எடுத்தால் அது பெரும்பாலும் கழிந்துவிடும்.

இன்னொன்று: அந்த 4.6-ஐத் தூக்கிவிட்டால் முடிவு பலவீனமாகுமா என்றும் கேள்வி வந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்பது எண்களோடு போட்டுப் பாருங்கள்: சராசரி 1.24-க்கு இறங்கும், திட்டவிலக்கமோ 0.66-க்குச் சரியும். டி 5.6-ஐத் தாண்டிவிடும்.