மோரிஸ் மைனரில் பெட்ரோல் கார்புரேட்டரை எட்டாதபோது

1948 முதல் 1971 வரை தயாரான மோரிஸ் மைனர் காரில் பெட்ரோலை இழுத்துத் தருவது எஸ்.யூ. நிறுவனத்தின் மின் பம்ப் என்பதால், கோளாறைத் தேடும் வேலையை காதால் தொடங்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் பம்ப் சில நொடிகள் 'டிக் டிக்' என்று ஒலித்து, பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டரின் மிதவை அறை (பெட்ரோல் தேங்கும் சிறு அறை) நிரம்பியவுடன் அடங்கினால், அதைக் குறை சொல்ல இடமில்லை.

ஒலியே இல்லையென்றால் முதலில் பம்பின் முனையில் மின்சாரம் வருகிறதா என்றும், எர்த் இணைப்பு உறுதியாக உள்ளதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் ஓடாத பம்ப், மெல்லத் தட்டியதும் ஓடத் தொடங்கினால், பெரும்பாலும் அதன் பாயின்ட்கள் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனைகள்) கரிந்திருக்கும். தட்டித் தட்டியே ஓட்டும் பழக்கம் நடுவழியில் நிறுத்திவிடும். பாயின்ட்களை உடனே சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள்.

டேங்கில் பெட்ரோல் இருந்தும் ஒலி வேகமாக, நிற்காமல் கேட்டால், பெரும்பாலும் டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள குழாயில் எங்கோ காற்று புகுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுப்பதால், வெடிப்புகளை அங்கேயே தேடலாம். ஒலி தயங்கித் தயங்கி வந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே சீரானால் டேங்குக்குள் காற்று வரும் வழி அடைபட்டிருக்கிறது.

எஞ்சின் ஆறிய பிறகு, தீப்பொறிக்கு இடமில்லாத திறந்தவெளியில், கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி ஒரு கலனில் விட்டு சாவியைத் திருப்புங்கள். பெட்ரோல் தாராளமாக வந்தால், மிதவை அறைக்குள் பெட்ரோலை விட்டு நிறுத்தும் ஊசி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது அந்த அறையின் நுழைவாயில் வடிகட்டி அடைபட்டிருக்கலாம்.