பேஷன் ஃப்ரூட் கொடி பூத்தும் காய்க்கவில்லையா? வகையையும் பூவையும் பார்ப்பது எப்படி

வேலூர்ப் பக்கம் பேஷன் ஃப்ரூட் வைத்த பலருக்கும் இதே குறைதான்: கொடி பந்தலை மூடிவிட்டது, பூ நிறைய வருகிறது, பிஞ்சு மட்டும் நிற்பதில்லை. உரத்தைக் கூட்டுவதற்கு முன், இருப்பது எந்த வகை என்று பாருங்கள்.

படி 1: தண்டு
பழத்தின் நிறத்தை வைத்து மஞ்சள், ஊதா என இரண்டு வகை. இளந்தண்டிலும் பற்றுக்கம்பியிலும் செந்நிறம் ஓடினால் பெரும்பாலும் மஞ்சள் வகை. முழுப் பச்சையென்றால் ஊதா வகை. குடகு செட்டள்ளியில் உருவான காவேரி இரண்டுக்கும் பிறந்த கலப்பினம், அதனால் தண்டை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம். இலையை நம்பவே வேண்டாம். நாற்றில் மடல் பிரியாத இலையும் வளர்ந்த கொடியில் மூன்று மடல் இலையும் வருவது வயதால்தான்.

படி 2: பூ விரியும் நேரம்
இதுதான் நல்ல அடையாளம். ஊதா விடியற்காலை விரிந்து நண்பகலில் மூடும். மஞ்சள் நண்பகல் வாக்கில்தான் விரியும், இரவில் மூடும். நம் சமவெளி வெயிலுக்கு மஞ்சள்தான் ஏற்றது. ஊதா குளிர்ச்சியை விரும்பும், ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் வைத்துப் பார்க்கலாம்.

படி 3: பூவின் நடு
ஐந்து மகரந்தப்பைகளுக்கு மேலே மூன்று சூல்தண்டுகள் நிற்கும். பூ விரிந்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அவை வளைந்து கீழே இறங்கியிருந்தால் அந்தப் பூ காய்க்கும். நெட்டுக்குத்தாகவே நின்றால் காய் பிடிக்காது, ஆனால் அதன் மகரந்தம் பயன்படும். ஒரே கொடியில் இரண்டு விதப் பூவும் வரும்.

படி 4: கையால் மகரந்தம் சேர்ப்பது
மஞ்சள் வகை தன் மகரந்தத்தை ஏற்காது. ஒரே கொடியிலிருந்து வெட்டி வைத்த பதியன்கள் பத்து இருந்தாலும் அவை ஒரே செடிதான். வேறு விதையில் முளைத்த இன்னொரு கொடி வேண்டும். மூங்கிலைத் துளைக்கும் பெரிய கருவண்டு வந்தால் வேலையை அதுவே முடித்துவிடும், மருந்தடித்து விரட்டாதீர்கள். வராவிட்டால், பிற்பகலில் ஒரு கொடியின் மகரந்தத்தைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, மற்ற கொடியின் வளைந்த பூவில் மூன்று சூல்முடியிலும் (சூல்தண்டின் நுனி) தடவுங்கள். பூவில் தண்ணீர் படக் கூடாது, ஈரம் பட்டால் மகரந்தம் வெடித்துக் கெடும். சாயங்கால மழை பெய்த நாளில் பிஞ்சு குறைவதற்கு இதுவே காரணம்.

சேர்ந்த பூவின் அடியில் சில நாளில் பச்சைப் பிஞ்சு பருக்கும். பழுக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். பறிக்க வேண்டாம், தானாக உதிர்ந்ததைப் பொறுக்கினால் போதும். தோல் லேசாகச் சுருங்கியிருந்தால் உள்ளே புளிப்பு குறைந்திருக்கும்.