மூளையதிர்ச்சிக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீடு. மாலை நான்கு மணிக்கு உள்ளே போனேன். அறை நள்ளிரவு போல் இருந்தது. ஜன்னலில் போர்வை, கதவிடுக்கில் துணி. கட்டிலில் ஒரு கல்லூரி மாணவன். பைக்கிலிருந்து விழுந்து 23 நாள் ஆகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, மூளையதிர்ச்சிதான், ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். “யாரையும் உள்ளே விடுவதில்லை சார்” என்றார் அவன் அம்மா. அந்தக் குரலில் பெருமை இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் அல்ல. இயன்முறை மருத்துவம் படித்த நானே பதினோரு ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் கிடந்தேன்.

மது கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, எழுப்ப முடியாத தூக்கம் வந்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நான் பேசுவது அந்தக் கட்டத்தைத் தாண்டி வீட்டில் தேறிவரும்போது நடக்கும் தவறுகளைப் பற்றி.

இருட்டறையில் கிடப்பது

ஓய்வு வேண்டும். ஆனால் முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குத்தான் அது முக்கியம். அப்போதும் வீட்டுக்குள் நடமாடலாம், பேசலாம். விளையாட்டில் ஏற்படும் மூளையதிர்ச்சி பற்றி 2022 இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்களும் முழு ஓய்வு பயன் தராது என்றே சொன்னார்கள். பெரியவர்களில் பெரும்பாலோர் இரண்டு வாரத்தில் தேறிவிடுகிறார்கள். சிறுவர்களுக்கு நான்கு வாரம் வரை ஆகலாம்.

நான் நாற்பது நாள் படுத்திருந்தேன். அப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தோம். மாலையில் கேரம் ஆடும் நண்பர்கள் நால்வர் வாசல் வரை வருவார்கள். “தூங்குகிறான்” என்று அம்மா திருப்பி அனுப்பிவிடுவார். நான் விழித்துத்தான் கிடப்பேன். செருப்புச் சத்தம் தெருமுனை வரை போவது கேட்கும். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அவர்கள் வரவில்லை. ஐந்தாவது வாரம் கதவைத் திறந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது, தட்டு விழும் ஓசைக்கு நெஞ்சு படபடத்தது. இன்னும் குணமாகவில்லை என்று நினைத்து மறுபடியும் கதவைச் சாத்தினேன்.

அந்தச் சுழல்தான் ஆபத்து. வெளிச்சமும் பேச்சும் படாமலே இருந்தால் அவற்றைத் தாங்கும் பழக்கம் திரும்புவதில்லை. பகலில் தூங்கினால் இரவு கெடும். தனிமை மனச்சோர்வில் கொண்டுபோய் விடும். மனச்சோர்வுக்கும் அதே தலைவலி, அதே மறதி, அதே எரிச்சல். அடிபட்டதால் வந்தது எது, அடைபட்டதால் வந்தது எது என்று பிரித்தறிய எனக்கே மாதங்கள் ஆயின. அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

ஒரே ஒருவரை வரச்சொல்லுங்கள். திண்ணையில் 15 நிமிடம். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். பேச்சு ஓடாவிட்டால் தாயக்கட்டை உருட்டலாம், பூ கட்டலாம், கீரை ஆயலாம். தலைவலிக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போடுங்கள். முன்பு இருந்ததைவிட இரண்டுக்கு மேல் ஏறாமல், ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. நாளை 20 நிமிடம். அதைத் தாண்டினால் நிறுத்துங்கள், அடங்கிய பிறகு குறைத்துத் தொடங்குங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை வரை வண்டி கிடையாது. ஆனால் மாலைக் கூட்டம் தலையைச் சுற்றவைக்கும். விடியற்காலை போங்கள், துணைக்கு ஒருவரோடு. காந்தி சிலை வரை நடந்து, உட்கார்ந்து, திரும்புங்கள்.

தலை தெளிந்த நாளில் எல்லாவற்றையும் செய்வது

இரண்டு நாள் வலி இல்லையென்றால் நேராகக் கல்யாண மண்டபம். ஒலிபெருக்கி, வீடியோ விளக்கு, ஒரே நேரத்தில் பத்துப் பேர் நலம் விசாரிப்பது. அடுத்த மூன்று நாள் படுக்கை. போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் நாள் பிற்பகலில், கச்சேரி தொடங்குமுன் போய்ப் பெண்ணைப் பார்த்து ஆசீர்வதியுங்கள். முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். எப்போது கிளம்புவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, கூட வருபவரிடம் சொல்லிவையுங்கள்.

நட்பைக் கைபேசிக்குள் அடைப்பது

12 முதல் 25 வயது வரையுள்ள 125 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2021 இல் வந்தது. முதல் 48 மணி நேரம் திரையைத் தவிர்த்தவர்களில் பாதிப்பேர் மூன்றரை நாளுக்குள் தேறினார்கள். தவிர்க்காதவர்களுக்கு அதற்கு எட்டு நாள் ஆனது. பிறகு அளவோடு பாருங்கள். குரல் அழைப்பு இன்னும் நல்லது.

“பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய்?”

உறவினர்களே, இதைக் கேட்காதீர்கள்.

கிரிக்கெட், கபடி, அலையில் குளியல்

மருத்துவர் சரி என்னும்வரை கூடாது. முதல் அடி ஆறும் முன் விழும் இரண்டாவது அடி அதைவிட ஆபத்தானது.

முத்தியால்பேட்டை வீட்டில் அன்றே போர்வையைப் பாதி விலக்கினோம். மறுநாள் ஒரு நண்பன் வந்தான், பத்து நிமிடம் இருந்தான். ஒன்பதாவது நாள் இருவரும் பாரதி பூங்காவில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். அவன் அம்மா பக்கத்து பெஞ்சில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.