வீட்டருகே நடைப்பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடைப்பயிற்சியைத் தொடங்கிப் பாதியில் விடுபவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர்களில் பலர் முதல் இரண்டு வாரங்களில் அளவுக்கு மீறி நடந்ததாலேயே நிறுத்த நேர்ந்தவர்கள். இதயமும் மூச்சும் புதிய உழைப்புக்கு விரைவில் பழகிக்கொள்கின்றன. தசைநாண்களும் எலும்புகளும் மெதுவாகவே வலுப்பெறுகின்றன. இந்த வேறுபாடு தெரியாமல், மூச்சு வாங்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், கணைக்காலின் முன்புறத்திலோ குதிகாலிலோ வலி தொடங்கிவிடும். காலையில் எழுந்து தரையில் வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் சுருக்கென்று வலித்தால், உள்ளங்காலின் தசைப்பட்டை பாதிக்கப்பட்டிருக்கக்கூடும்; நடக்க நடக்கச் சரியாகிவிடும் என்று அதைப் பொருட்படுத்தாமல் விடுவது வலியை மாதக்கணக்கில் நீட்டிக்கும். பழக்கமில்லாதவர்கள் 15 நிமிடங்களில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடங்கள் கூட்டினாலே போதுமானது.

அடுத்தது, 10,000 அடிகள் என்ற இலக்கின் மீதுள்ள கண்மூடித்தனமான நம்பிக்கை. அந்த எண் மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. 1965ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிகளை எண்ணும் கருவி ஒன்றால் பரவியது. அமெரிக்காவில் ஏறத்தாழ 16,700 மூத்த பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. நலமாக இருப்பவர்கள்தாம் அதிகம் நடக்கிறார்கள் என்ற வாய்ப்பும் இதில் உண்டு. ஆகவே இதை இறுதி முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் 6,000 அடிகள் நடந்த நாளைத் தோல்வியாகக் கருதி மனம் தளர்வது தேவையற்றது என்பது மட்டும் தெளிவு.

முழுதாக அரை மணி நேரம் கிடைத்தால்தான் நடப்பது என்ற பிடிவாதமும் இதைப் போன்றதே. வயது வந்தோருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கும் உலக சுகாதார நிறுவனம், ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020இல் கைவிட்டுவிட்டது. வீட்டைச் சுற்றி நடப்பதன் பெரிய வசதியே, எண்ணிய உடனே கிளம்பலாம் என்பதுதான்.

வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். பெரும்பாலானோருக்கு அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அடிகளாக அமையும். விரைவதற்காகக் காலை நீட்டி எட்டி வைப்பது மிகப் பரவலான தவறு. குதிகால் உடலுக்கு வெகு முன்னே தரையில் படும்போது ஒவ்வோர் அடியும் தடை போட்டது போலாகி, முழங்கால் அந்த அதிர்வை வாங்கிக்கொள்கிறது. அடிகளைச் சிறிதாக்கி விரைவாக வைத்து, முழங்கையை மடக்கிக் கைகளை வீசினால் வேகம் தானே கூடும். கணுக்காலில் எடைப்பட்டை கட்டிக்கொண்டு நடப்பதால் மூட்டுகளுக்குச் சுமை கூடுமே தவிர, பயன் சொற்பம்.

நடைபாதை இல்லாத சாலையில் வாகனங்களுக்கு முதுகைக் காட்டி நடப்பதும், இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பதும் ஆபத்தானவை. எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி ஓரமாக நடக்க வேண்டும், இருட்டில் வெளிர்நிற உடை உதவும். அதே வழி, அதே திசை என்று நாள்தோறும் செல்வதில் சலிப்போடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது: சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், எப்போதும் ஒரே பக்கம் நடப்பவரின் ஒரு கால் தொடர்ந்து தாழ்ந்த தரையில் ஊன்றுகிறது. அவ்வப்போது அறியாத தெரு ஒன்றுக்குள் நுழைந்து நடந்து பார்க்கலாம். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டால் மரமும் வாசலும் கண்ணில் படும், கழுத்தும் நிமிரும்.

காலணியை மாலையில் வாங்குவது நல்லது, பகல் முழுதும் பயன்பட்ட பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாத உணர்வு குறைந்திருக்கலாம் என்பதால், நடந்து வந்ததும் உள்ளங்காலைப் பார்த்துவிடுவது அவசியம். நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நின்று மருத்துவ உதவியை நாட வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்றதும் விட்டுவிடும் வலியைக் களைப்பு என்று ஒதுக்கக் கூடாது. அது இரத்த ஓட்டக் குறைவின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

விட்டுப்போன நாள்களை ஈடுகட்ட ஒரே நாளில் இரட்டிப்பாக நடப்பவர்கள், முதலில் சொன்ன தவறுக்கே திரும்புகிறார்கள். ஒரு நாள் விட்டால் மறுநாள் வழக்கமான அளவே போதும். காய்ச்சலாலோ பயணத்தாலோ இரண்டு மூன்று வாரங்கள் இடைவெளி விழுந்துவிட்டால், பழைய தூரத்தில் பாதியில் தொடங்கி மெல்ல ஏற்றிக்கொள்ளலாம்.