அஸ்திக் கலயமும் நினைவுப் பொருளும்: தேர்ந்தெடுப்பது எப்படி?

விறகில் தகனம் செய்தால் மறுநாள் காலையிலும், எரிவாயு மயானம் என்றால் பெரும்பாலும் அன்றைக்கேயும், "அஸ்தியை வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற அழைப்பு வந்துவிடுகிறது. துக்க வீட்டில் அந்த நேரத்தில் எதையும் ஆராய்ந்து முடிவெடுக்கும் நிலையில் யாரும் இருப்பதில்லை. கையில் கிடைத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

எங்கள் அம்மிச்சியின் (அம்மாவின் அம்மா) அஸ்தியை எடுக்கப் போனபோது, உடையாது என்ற ஒரே காரணத்துக்காக எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்றைக் கொண்டுபோனோம். பால் தெளித்து நனைந்திருந்த எலும்புகளை அப்படியே அதிலிட்டு, மூடியை அழுத்தி, தோட்டத்துச் சாளையின் (தோட்ட வீட்டின்) திண்ணையில் வைத்தோம். நான்காம் நாள் பவானி கூடுதுறைப் படிக்கட்டில் அமர்ந்து மூடியைத் திறந்தபோது புளித்த பாலின் வாடை குப்பென்று எழுந்தது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். இன்னொரு குடும்பத்துக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே, கற்றுக்கொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: அஸ்தி எங்கே போகப் போகிறது?

பாத்திரத்தைப் பற்றி யோசிக்கும் முன் இந்தக் கேள்விக்குக் குடும்பம் பதில் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மற்ற முடிவுகள் எல்லாம் இதைத்தான் சார்ந்திருக்கின்றன. கொங்கு நாட்டில் பெரும்பாலான குடும்பங்கள் சில நாட்களிலேயே பவானி கூடுதுறையிலோ, கொடுமுடியிலோ, பேரூரில் நொய்யல் கரையிலோ கரைத்துவிடுகின்றன. இவர்களுக்குத் தேவை சில நாட்கள் தாங்கும் கலயம் மட்டுமே. வெளிநாட்டிலிருந்து மகனோ மகளோ வந்து சேரும்வரை காத்திருப்பவர்களுக்கு மாதக்கணக்கில் தாங்கும் கலயம் வேண்டும். தோட்டத்தில் புதைக்க விரும்புகிறவர்களுக்கும், ஒரு பகுதியைக் கரைத்து ஒரு பகுதியைக் காசிக்கோ இராமேசுவரத்துக்கோ கொண்டுபோகிறவர்களுக்கும் தேவை வேறு. பேரூர் செல்பவர்கள், நொய்யலில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லை என்பதை நினைவில் கொண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: அளவு

பெரியவர் ஒருவரின் உடல் தகனமான பின் எஞ்சும் எலும்பும் சாம்பலும் ஏறத்தாழ இரண்டிலிருந்து மூன்று கிலோ இருக்கும். அமெரிக்காவில் விற்கும் முழு அளவுக் கலசங்களின் கொள்ளளவு 200 கன அங்குலம், அதாவது சுமார் 3.3 லிட்டர். ஆனால் அங்கே எலும்பை இயந்திரத்தில் மாவாக அரைத்துத் தருகிறார்கள். நம் மயானங்களில் எலும்புத் துண்டுகளை அப்படியே தருவதே வழக்கம் என்பதால், கொள்ளளவைவிட வாயின் அகலமே முக்கியம். கை தாராளமாக உள்ளே போகும் வாய் இருந்தால்தான் துண்டுகளை உடைக்காமல், திணிக்காமல் மரியாதையாக இட முடியும். முழுவதையும் எடுக்காமல் தலை முதல் கால் வரை ஒவ்வோர் இடத்திலிருந்தும் சிறிதளவே எடுக்கும் குடும்பங்களுக்கு ஒன்றரை லிட்டர் கலயமே போதும். வாங்கும்போது ஐயம் இருந்தால் அரிசியை அளந்து கொட்டிப் பார்த்துவிடலாம்.

மூன்றாம் படி: எதனால் ஆனது?

ஆற்றில் கரைப்பதென்றால் மண் கலயத்துக்கு இணை வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. ஈரத்தை மெல்ல வெளியேற விடுகிறது; அதனால் உள்ளே வாடை தங்குவதில்லை. ஆற்றில் விட்டாலும் மண்ணோடு மண்ணாகிறது. ஆனால் வண்ணம் பூசியதையும் பளபளப்பு ஏற்றியதையும் தவிர்த்துவிடுங்கள், அந்தப் பூச்சு தண்ணீரில் சேர்வதோடு மண்ணின் துளைகளையும் அடைத்துவிடும். கலயத்தை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: கணீரென்று ஒலித்தால் நன்றாகச் சுட்டது, மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்குக் கல்லால் அறை அமைத்து, உள்ளே மண்பாண்டங்களையும் மணிகளையும் வைத்தார்கள் என்பதை நினைக்கும்போது, நம் கையில் இருக்கும் இந்தச் சிறு கலயம் எவ்வளவு பழைய வழக்கத்தின் தொடர்ச்சி என்பது புரிகிறது.

செம்பும் பித்தளையும் மாதக்கணக்கில் வைத்திருக்க ஏற்றவை. ஆனால் சாம்பல் காரத்தன்மை உடையது. ஈரமாக உலோகத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் களிம்பு ஏறும். எனவே அஸ்தியை முதலில் பருத்தித் துணிப் பையில் கட்டி, அதன்பின் உள்ளே வையுங்கள். அலுமினியப் பாத்திரத்தை ஈரச் சாம்பல் அரித்துவிடும் என்பதால் அது வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் டப்பாவை ஆற்றில் விடுவது நாம் கும்பிடும் காவிரிக்கே செய்யும் தீங்கு.

நான்காம் படி: உலர்த்துவது

நாங்கள் தவறவிட்டது இதைத்தான். பால் தெளிப்பது வழக்கமென்றால் தாராளமாகத் தெளியுங்கள், பின்பு சுத்தமான தண்ணீரால் ஒருமுறை அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி, எலும்பின் மேல் ஈரம் மறையும்வரை நிழலில் விடுங்கள். அதன்பின் கலயத்தில் இட்டு, வாயைக் கோடித் துணியால் கட்டுங்கள். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று கருதும் குடும்பங்கள் மரக்கிளையில் கட்டித் தொங்கவிடுவது உண்டு. அப்படிச் செய்தால் கயிறு துணியை மட்டும் பிடித்திராமல் கலயத்தின் கழுத்தையும் அடியையும் சேர்த்துத் தாங்க வேண்டும்.

ஐந்தாம் படி: பயணம்

காரிலோ ரயிலிலோ போகும்போது கலயத்தை மடியில் வைத்துக்கொள்வதே நம் வழக்கம், அதுவே பாதுகாப்பும்கூட. விமானத்தில் செல்வதானால், ஊடுகதிர்ச் சோதனையில் உள்ளிருப்பது தெரியாத கனமான உலோகக் கலசம் சிக்கலாகும். மரப்பெட்டியோ துணிப்பையோ எளிது. இறப்புச் சான்றிதழையும் மயானத்தில் கொடுத்த தகன ரசீதையும் கையோடு வைத்திருங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட்டால் பிற்பாடு அலைச்சல் குறையும். அந்த ரசீதைத் தொலைத்துவிட்டுத் தவிப்பவர்கள் நிறையப் பேர்.

ஆறாம் படி: நினைவுப் பொருள்

அஸ்தியின் ஒரு சிட்டிகையை உள்ளே வைத்துத் திருகி மூடும் டாலர்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. விறகுத் தகனத்தில் கிடைக்கும் சாம்பல் நிறத் தூளில் பெரும்பகுதி விறகினுடையதும் வறட்டியினுடையதும்தான். வெண்மையாக, தொட்டால் நொறுங்கும் துண்டுகளே எலும்பு. டாலரில் வைக்க விரும்பினால் அதில் ஒரு சிறு துண்டை எடுத்துப் பொடித்து, நன்கு உலர்த்தி இடுங்கள். அஸ்தியிலிருந்து வைரம் செய்து தருவதாக வரும் விளம்பரங்களைப் பார்த்து உடனே பணம் கட்டிவிடாதீர்கள்: வைரத்துக்கு வேண்டியது கரி, தகனத்துக்குப் பின் எலும்பில் எஞ்சுவதோ பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்.

தோட்டத்தில் தென்னங்கன்றின் அடியில் இட விரும்புகிறவர்கள் வேரில் நேரடியாகக் கொட்டிவிடக் கூடாது. சாம்பலின் காரமும் உப்பும் இளங்கன்றைப் பட்டுப்போகச் செய்யும். மண்ணோடும் மக்கிய எருவோடும் நன்றாகக் கலந்து, கன்றிலிருந்து சற்றுத் தள்ளி இடுங்கள்.

எனினும், அஸ்தியை ஆற்றில் முழுவதுமாக விட்டுவிட்டு, அவர் கைபட்ட பொருள் ஒன்றை வைத்துக்கொள்வதே மனத்துக்கு நெருக்கமானது என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மிச்சியின் சுங்கடிச் சேலையை நான்காக மடித்து, விளிம்பு தைத்து, பேரக்குழந்தைகளுக்குப் போர்வையாக்கினோம். அவருடைய சுருக்குப்பை அம்மாவிடம் இருக்கிறது. அதன் நூலில் வெற்றிலைக் காவி இன்னும் போகவில்லை. அதைத் துவைக்க வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். துணியை நினைவுப் பொருளாக வைப்பவர்கள் பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல், பருத்தித் துணியில் சுற்றி வேப்பிலைச் சருகோடு வையுங்கள்.

ஏழாம் படி: எழுதி வையுங்கள்

காந்தியடிகளின் அஸ்தி பல கலசங்களாகப் பிரிந்து நாடெங்கும் சென்றது. கன்னியாகுமரியில் மக்கள் பார்வைக்கு ஒரு கலசம் வைக்கப்பட்ட இடத்தில்தான் இன்றைய காந்தி மண்டபம் நிற்கிறது. ஆனால் இன்னொரு கலசம் ஒடிசாவின் கட்டாக்கில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் பல்லாண்டுகள் கிடந்து, 1997 ஜனவரி 30 அன்றுதான் அலகாபாத் சங்கமத்தில் கரைக்கப்பட்டது. அஸ்தியைப் பிரிக்கும் குடும்பங்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பெயர், மறைந்த தேதி, தகனம் நடந்த மயானம், எந்தப் பகுதி யாரிடம் இருக்கிறது, எப்போது எங்கே கரைக்க வேண்டும் ஆகிய விவரங்களைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி, ஒரு படியைக் கலயத்தின் துணிக்கட்டிலும் மற்றொன்றை வீட்டு ஆவணங்களோடும் வையுங்கள். பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும்; பென்சில் எழுத்து நிற்கும்.