எர்லாங் கணக்கு போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் கால் சென்டர்களில் லைன் கணக்கு போடும் வேலைக்கு வருகிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை அழைப்புக்கு எத்தனை லைன் வேண்டும் என்று சொல்லும் எர்லாங் சூத்திரம் தெரியும், எக்செல்லில் போடவும் தெரியும். ஆனாலும் நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எண்ணை மாற்றித் தட்டுவதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதை மேனேஜரே கண்டுபிடித்துவிடுவார்.

போரில் பிறந்த துறை என்று நினைப்பது

இந்தக் கணக்கு ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்ற துறையில் வரும். அந்தப் பெயர் பரவியது இரண்டாம் உலகப் போரில்தான். கணக்கு அதற்கும் மூத்தது. அழைப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்தால் அவற்றின் எண்ணிக்கை பாய்சான் பரவலாக (தற்செயலாக வருகிறவற்றை எண்ணும் நிகழ்தகவுக் கணக்கு) அமையும் என்று டென்மார்க்கின் எர்லாங் 1909இல் எழுதினார். 1917இல், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்தபோது, இரண்டு சூத்திரங்கள் தந்தார்: லைன் கிடைக்காமல் போவதற்கு ஒன்று (எர்லாங் பி), காத்திருப்பதற்கு ஒன்று (எர்லாங் சி).

பி-யா, சி-யா?

லைனுக்கு பி. வரிசையில் நிற்பவரை எடுக்கும் ஏஜென்ட்டுக்கு சி.

பொதுவில் கிடப்பதைப் பங்கு போடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு அலுவலகத்தில் ஒரே பிஆர்ஐ (டெலிபோன் கம்பெனி தரும் டிஜிட்டல் இணைப்பு), அதில் 30 சேனல், அதாவது ஒரே நேரத்தில் 30 அழைப்பு. பீக் அவரில் 20 எர்லாங் சுமை, அதாவது சராசரியாக ஒரே நேரத்தில் 20 அழைப்பு. பி சூத்திரப்படி நூறு அழைப்பில் ஒன்றுகூட முழுசாக லைன் கிடைக்காமல் திரும்பாது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று தமிழ் எண்ணுக்கு 15, கன்னட எண்ணுக்கு 15 என்று வரம்பு போட்டார்கள். சுமையும் பாதி, சேனலும் பாதி, என்ன மாறிவிடும் என்பது அவர்கள் வாதம்.

மாறும். 10 எர்லாங்குக்கு 15 சேனல் என்றால் சுமார் 3.6 சதவீதம் திரும்பிப் போகும். முன்பு இருந்ததைப் போல நான்கு மடங்குக்கும் மேல். தமிழ்ப் பக்கம் எங்கேஜ் டோன் அடிக்கிற நேரத்தில் கன்னடப் பக்கம் சேனல் சும்மா கிடக்கும், அதைத் தொட முடியாது. அப்புறம், எங்கேஜ் டோன் கேட்டவர் சும்மா இருப்பாரா? மறுபடி அடிப்பார். திரும்பிய அழைப்பு அதோடு போய்விட்டது என்று வைத்துப் போட்ட கணக்குதான் பி. ஆகவே நிஜ நிலைமை இன்னும் மோசம்.

ஒரு சதவீதத்துக்குள் வர ஒவ்வொரு பக்கமும் 18 சேனல் வேண்டும், ஆக 36. கூடுதல் ஆறுக்காக இன்னொரு பிஆர்ஐ வாங்கி மாத வாடகை கட்டினார்கள். காரணம் கேட்டால், "வால்யூம் கூடிடுச்சு சார்!" பிரித்த நாளுக்கு அப்புறம் புதிதாக ஒரு வாடிக்கையாளர்கூடச் சேரவில்லை. எந்த மொழி என்று கேட்பது அழைப்பை எடுத்த பிறகு ஐவிஆர் (பதிவுக் குரலில் எண்ணை அழுத்தச் சொல்லும் மெஷின்) செய்கிற வேலை. அதற்காக லைனை வெட்டுவானேன்?

நாள் முழுக்கச் சராசரி எடுப்பது

அதிகாலை மூன்று மணியையும் சேர்த்து வகுத்தால் லைன் எப்போதும் மிச்சமாகத்தான் தெரியும்.

டேட்டாவுக்கும் இதே தாள்

வேண்டாம். அமெரிக்காவின் பெல்கோர் டெலிபோன் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஈதர்நெட் (அலுவலகக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க்) போக்குவரத்தை அளந்து 1993இல் வெளியிட்டார்கள். நொடிக் கணக்கில் பார்த்தாலும் நிமிடக் கணக்கில் பார்த்தாலும் ஏற்ற இறக்கம் தணியவில்லை. பாய்சான் வரவாக இருந்திருந்தால் தணிந்திருக்கும். டேட்டா லிங்குக்கு எர்லாங் தாளைக் கொண்டுவந்தால் நான் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.